சப்பாத்துத் தோலும் நாற்பது கிணறுகளும்

1976 ஜூன் 12, சனிக்கிழமை. காலை ஆறு மணி நாற்பது நிமிடம். சிட்னி விமான நிலையம். தூறல், தெற்குக் காற்று, ஒன்பது பாகைக் குளிர். பாகையை விமானி சொன்னார், நம்பினேன். காற்றை நானே அறிந்துகொண்டேன்.

என் பெட்டியில் பதினான்கு பொருள்கள் இருந்தன. இறங்குமுன் தந்த அட்டையில் பதினான்கையும் எழுதியிருந்தேன். இடம் போதாமல் அட்டையின் ஓரத்திலும் எழுத வேண்டியிருந்தது. இருபது கிலோவுக்குமேல் கொண்டுபோக விடமாட்டார்கள். அதில் பதின்மூன்று கிலோ இரும்பு: ஒரு கைப்பம்பு, மூன்று துண்டாகக் கழற்றி, இரண்டு வேட்டியில் சுற்றியது. மிச்சம் ஏழு கிலோவில் கோட்டு, சட்டைகள், ஒரு போத்தல் ஊறுகாய், சகோதரி தன் மருமகளுக்குக் கொடுத்தனுப்பிய மிளகாய்த்தூள், பிறகு ஒரு தகரப் பேணி. பேணிக்குள், பம்புத் தண்டின் அடியில் பூட்டித் தண்ணீரை இழுக்கிற தோல் வாஷர்கள் ஆறு.

சிவந்த மீசை வைத்த இளம் அதிகாரி ஒருவர் வேட்டியை அவிழ்த்தார்.

“இது என்ன?”

“கைப்பம்பு.”

“இங்கே வீட்டுக்கு வீடு குழாய் இருக்கிறது, ஐயா.”

“இங்கே பூட்ட அல்ல, காட்ட.”

அவர் மிளகாய்த்தூளை முகர்ந்து மூன்று தரம் தும்மினார். அதைக் கவனமாகக் கட்டித் திருப்பித் தந்தார். ஊறுகாயையும் தந்தார். பேணியைத் திறந்தவுடன் முகம் மாறியது. வாஷர்கள் இலுப்பெண்ணெயில் ஊறிப் பளபளத்தன. இன்னொருவரை அழைத்தார். அவரும் முகர்ந்தார். ஊரில் பதப்படுத்திய மாட்டுத்தோல் இந்த நாட்டுக்குள் வரக்கூடாதாம். தங்கள் மாடுகளுக்கு நோய் வந்துவிடுமாம். எரித்துவிடுவார்கள்.

“எத்தனை என்று எழுதித் தாருங்கள்,” என்றேன்.

“ஏன்?”

“கணக்குக்கு. ஆறு.”

அவர் ஆறு என்று எழுதித் தந்தார். மரியாதையான பையன். மாடுகளைக் காப்பாற்றுகிற நாட்டில் குறை சொல்வதற்கு எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் தோல் வாஷர் இல்லாத பம்பு, நாக்கில்லாத மணி. அதைத் தூக்கிக்கொண்டு நான் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு மெல்பேணில் ஏழு பேருக்கு முன்னால் நிற்க வேண்டும்.

ஏன் நிற்க வேண்டும் என்பதைச் சொல்லிவிடுகிறேன். முப்பத்துநான்கு வருடம் குடிநீர்ப் பகுதியில் இன்ஸ்பெக்டராக வேலை செய்து ஓய்வு பெற்றவன் நான். ஓய்வுக்குப் பிறகு வன்னியில் காடு வெட்டிக் குடியேறிய கிராமங்களில் கிணறுகளைச் சீமெந்தால் மூடிக் கைப்பம்பு பூட்டுகிற வேலையில் இறங்கினேன். திறந்த கிணற்றில் மழைக்காலத்தில் மாட்டுச்சாணமும் இறங்கும். அந்தத் தண்ணீரைக் குடிக்கும் குழந்தைகளுக்கு வயிற்றோட்டம் வரும். சிலது பிழைக்காது. பம்பு போட்ட கிராமங்களில் அது குறைந்ததை நான் கண்ணால் கண்டேன். இதுவரை முப்பத்தொரு பம்பு போட்டிருக்கிறோம். யாழ்ப்பாணத்திலேயே ஒரு பட்டறையில் வார்த்தது. கைபிடி பாலை மரம். வாஷர் எங்கள் ஊர்த் தோல். இன்னும் நாற்பது கிணறுகள் காத்திருக்கின்றன. அதற்குக் காசில்லை.

மெல்பேணில் உள்ள ஒரு தருமச் சங்கம் ஏழை நாடுகளின் தண்ணீருக்கென்று ஒரு தொகை வைத்திருந்தது. அந்தத் தொகையில் எங்கள் பங்குக்கு இரண்டு பெரிய டீசல் யந்திரங்களை அனுப்புவதா, நாற்பது கைப்பம்புக்குக் கொடுப்பதா என்று செவ்வாய்க்கிழமை முடிவு செய்வார்கள். டீசல் யந்திரம் ஐந்து வருடத்துக்குக் கைவைக்கத் தேவையில்லாதது என்று விற்பவர் எழுதியிருந்தாராம். ஆறாம் வருடம் கைவைப்பது யார் என்று அவர் எழுதவில்லை. பம்பை நேரில் காட்டும்படி எனக்கு விமானச் சீட்டு அனுப்பினார்கள்.

எரிந்துபோன ஆறு வாஷர்களையும் பரமேசுவரி என்ற பெண் வெட்டி அச்சில் அழுத்தியவள். மாங்குளத்துக்கு மேற்கே ஒரு குடியேற்றத்தில் அவள் பம்புப் பொறுப்பாளி. பம்பின் ஸ்பானரை வீட்டுப் பூட்டுகளின் திறப்புக் கோர்வையோடு இடுப்பில் செருகியிருப்பாள். புறப்படுகிற அன்று அவள் எனக்குச் சொன்னது இது: “பழுதாகாத பம்பு எண்டு மட்டும் அங்க சொல்லிப்போடாதேங்கோ ஐயா. பிறகு இந்த ஸ்பானர் எதுக்கெண்டு கேப்பினம்.”

என் சகோதரி மகன் குகன் வெளியே காத்து நின்றான். எஞ்சினியர். பென்டில் ஹில்லில் செங்கல் வீடொன்று வாங்கியிருக்கிறான். காரில் ஏறியதும் விசயத்தைச் சொன்னேன்.

“தோல் தானே மாமா, வாங்கலாம். நேரம் என்ன?” என்றான். கடிகாரத்தைப் பார்த்தேன். எட்டே கால்.

வீட்டுக்குப் போய்க் குளித்து, அவன் மனைவி சாந்தி போட்ட தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் புறப்படப் பத்தரை ஆயிற்று. முதல் கடையில் றப்பர் வாஷர் இருந்தது, குழாய்க்குப் பூட்டுகிறது, என் கட்டைவிரல் அளவு. இரண்டாவது கடைக்காரர் தோல் என்றதும் கைப்பையைக் காட்டினார். மூன்றாவது கடைக்கு வழி தவறினோம். போய்ச் சேர்ந்தபோது ஒருவர் கதவில் பூட்டைத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தார். பன்னிரண்டு மணி மூன்று நிமிடம்.

“இனிச் செவ்வாய்தான் மாமா,” என்றான் குகன்.

“திங்கள்?”

“திங்கள் ராணியின்ர பிறந்தநாள். ஒண்டும் திறக்காது.”

நாங்கள் அந்த அம்மையாரிடமிருந்து விடைபெற்றுக் குடியரசாகி நான்கு வருடம் ஆகிறது. எங்கள் ஊரில் அவருக்காக ஒரு தேத்தண்ணிக்கடைகூட மூடுவதில்லை. பணக்கார நாடொன்று இரண்டரை நாள் கடையைப் பூட்டிக்கொண்டு அவருக்குப் பிறந்தநாள் கொண்டாடுகிறது. கவலைக்கு நடுவிலும் எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

மத்தியானம் சாந்தி புட்டு அவித்தாள். கோதுமை மாப் புட்டு. கேக்குக்குப் போடுகிற உலர்ந்த தேங்காய்த்தூளைப் பாலில் நனைத்துத் துருவலாக்கியிருந்தாள். முருங்கையும் இல்லை, கறிவேப்பிலையும் இல்லை. நான் கொண்டுவந்த மிளகாய்த்தூளைத் திறந்து முகர்ந்தபோது அவள் கண் கலங்கியது. தூளின் காரம் என்றாள். நானும் அப்படியே வைத்துக்கொண்டேன்.

“இது எங்கட மண்ணிலை விளைஞ்ச செத்தல் மிளகாய்,” என்றேன். “இப்ப வெளியிலையிருந்து ஒரு கொட்டையும் வாறதில்லை. எங்கட கமக்காரர்தான் முழு நாட்டுக்கும் போடுகினம்.”

“விலை?” என்றான் குகன்.

“விலையைக் கேளாதை.”

உண்மையும் அதுதான். மிளகாயும் வெங்காயமும் இறக்குமதி நின்றபிறகு எங்கள் கமக்காரர் கல்வீடு கட்டினார்கள். அதே கமக்காரர் மண்ணெண்ணெய் யந்திரம் வைத்து இரவு பகலாகக் கிணற்றை இறைக்கிறார்கள். சில கிணறுகளில் உப்புத் தட்டத் தொடங்கிவிட்டது. முன்னேற்றம் எப்போதும் ஒரு கையால் தந்து மறுகையால் கணக்குக் கேட்கும். இதை ஊரில் சொன்னால் என்னைக் கிழட்டுக் காகம் என்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை. வெயில், ஆனால் பல்லில்லாத வெயில். குகன் ஒழுங்கையில் காரைக் கழுவினான். றப்பர் குழாயைத் திறந்தபடியே புல்லில் போட்டுவிட்டுத் துணி எடுக்க உள்ளே போனான். வாளிக் கணக்கில் பார்த்தால் ஒரு வன்னிக் குடும்பத்தின் இரண்டு நாள் தண்ணீர் புல்லுக்குப் போனது. நான் போய் மூடினேன். அவன் வந்து திறந்தான். நான் மறுபடி மூடினேன்.

“மாமா, இங்க தண்ணிக்குப் பஞ்சமில்லை.”

“பஞ்சம் வரேக்க உனக்கு ஆள் விட்டுச் சொல்லாது.”

குசினிக் குழாயும் சொட்டிக்கொண்டிருந்தது. அதன் கீழ் ஒரு பாத்திரத்தை வைத்துவிட்டுக் கதிரையில் உட்கார்ந்து யோசித்தேன். வாஷருக்கு என்ன வேண்டும்? நான்கு அங்குலம் அகலமான, தடித்த, பட்டை போட்டுப் பதனிட்ட மாட்டுத்தோல். அது வீட்டில் எங்கே இருக்கும்? சாந்தியின் கைப்பை மெல்லியது. குகனின் இடுப்புவார் ஒன்றேகால் அங்குலம். அப்போதுதான் வாசலில் கழற்றி வைத்த என் சப்பாத்து ஞாபகம் வந்தது.

இந்தப் பயணத்துக்கென்று கொழும்பில் வாங்கியது. கறுப்பு. தோல் அடி. போட்டது இரண்டே நாள். அடித்தோலின் முன்பக்கத்தை அளந்தேன். அகலம் சரியாக நான்கு அங்குலம்.

குகன் பயந்துவிட்டான். “மாமா, வேண்டாம். என்ர சப்பாத்தை வெட்டுங்கோ.”

அவனுடையதைத் திருப்பிப் பார்த்தேன். றப்பர் அடி. இந்த நாட்டில் எல்லாருக்கும் றப்பர் அடி.

“வேறை சப்பாத்து இருக்கோ உங்களிட்டை?”

“செருப்பிருக்கு.”

“மெல்பேண் இதைவிடக் குளிர் மாமா.”

“காலுறை மூண்டு சோடி இருக்கு.”

அவன் தொழிற்கத்தியைக் கொண்டுவந்து தந்தான். ஒரு சப்பாத்தின் அடியைப் பிரித்து வட்டமாக வெட்டினேன். சொட்டிச் சேர்ந்த தண்ணீரையே அடுப்பில் இளஞ்சூடாக்கித் தோலை ஊறவைத்தேன். குகனின் ஆறு வயது மகள் குசினிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு எனக்குப் பிடிபடாத வேக ஆங்கிலத்தில் ஏதோ கத்திக்கொண்டு ஓடினாள். தாத்தா சப்பாத்துச் சமைக்கிறார் என்று அவள் சொன்னதாகச் சாந்தி மொழிபெயர்த்தாள்.

ஊறிய தோலை ஒரு கண்ணாடிக் குவளைக்குள் வைத்து, அதற்குள் சாந்தியின் புட்டுக் குழல் கட்டையை இறுக்கி, மேலே குகனின் தடித்த எஞ்சினியர் புத்தகங்கள் நான்கை அடுக்கினேன். மாலையில் எடுத்தபோது தோல் கிண்ணமாக வளைந்திருந்தது. இலுப்பெண்ணெய் கிடையாது. சாந்தி தலைக்குப் பூசும் தேங்காயெண்ணெயில் ஊறவிட்டேன். ஒரு குறை மட்டும் கண்ணில் பட்டது. விளிம்பில் சப்பாத்துத் தையலின் ஊசித்துளைகள் இருந்தன. இருபத்திரண்டு. தோல் தண்ணீரில் ஊதினால் துளை அடைபடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மற்றச் சப்பாத்தின் அடியையும் வெட்டி, ஒன்று கைக்காவலாக இருக்கட்டும் என்று அதேபோல் செய்தேன். அதிலும் துளைகள்தான். இருபத்துநான்கு.

திங்கட்கிழமை பகல் இரயில். செருப்பும் இரட்டைக் காலுறையும். காலுறைக்குள் பெருவிரல் செருப்பின் வாரைப் பிடிக்க முடியாது. ஒவ்வொரு அடிக்கும் செருப்பு பின்னால் நின்றுவிடும், நான் முன்னால் போய்விடுவேன். மேடையில் இருந்தவர்கள் பார்த்தார்கள். பார்க்காததுபோலப் பார்ப்பதில் இவர்கள் கெட்டிக்காரர்கள்.

இரயிலின் உணவுப் பெட்டியில் பரிமாறிய அம்மாவிடம் இறைச்சி இல்லாதது என்ன உண்டு என்று கேட்டேன். அந்த அம்மா நெடுநேரம் யோசித்து, “கோழி?” என்றார். சாந்தி கட்டித்தந்த ரொட்டியும் சம்பலும் என்னைக் காத்தன. எதிரே இருந்த விவசாயிகள் இருவர் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தார்கள். “போன வருடம் இந்நேரம் குளம் நிறைந்திருந்தது.” “என் அணையில் வாத்து நடந்துபோகிறது.” மொழியை எடுத்துவிட்டால் கிளிநொச்சிப் பேருந்தில் இருப்பதுபோல இருந்தது.

சன்னலில் ஆடுகள், பிறகு ஆடுகள், இடைக்கிடை காற்றாடி யந்திரங்கள். உயரமான இரும்புக் கால், மேலே தகடுச் சக்கரம், கீழே தொட்டி. காற்றில் ஓடும் கைப்பம்பு, அவ்வளவுதான். நாற்பத்தாறுவரை எண்ணினேன். அப்போது எங்கோ தண்டவாளத்தில் ஆடு ஏறிவிட்டதென்று இரயில் ஒரு மணி பத்து நிமிடம் நின்றது. எங்கள் யாழ்தேவி மாட்டுக்கு நிற்கும். இங்கே ஆட்டுக்கு நிற்கிறது. அந்த அளவில் இரண்டு நாடும் சமம்.

மெல்பேணில் விடுதி வாசலில் பங்களாதேசத்து எஞ்சினியர் ரஹ்மான் காத்திருந்தார். அவரும் மறுநாள் அதே சங்கத்தில் தம் நாட்டுக்காகப் பேச வந்தவர். வயது நாற்பது இருக்கும். என் பெட்டியை வாங்கினார், உடனே கீழே வைத்தார்.

“என்ன ஐயா, கல்லா?”

“பம்பு.”

“உங்களுக்குத் தண்ணீர் இல்லாத கவலை,” என்றார் ரஹ்மான். “எங்களுக்குத் தண்ணீரைத் தவிர வேறொன்றும் இல்லாத கவலை. வெள்ளம் வந்தால் படுக்கைக்குக் கீழ் மீன் ஓடும். குடிக்க மட்டும் ஒரு குவளை நல்லது கிடையாது.”

அவர்கள் நாட்டிலும் கைப்பம்புதான் வழி என்று நம்புகிறார்கள். அவர் சிக்கலும் வாஷர்தான். வெளிநாட்டிலிருந்து வருவது தேய்ந்துபோனால் அடுத்த கப்பல்வரை பம்பு சும்மா நிற்கும். நான் சப்பாத்துக் கதையைச் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் வாஷரை விளக்கடியில் பிடித்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, “அச்சு எந்த மரம்?” என்று கேட்டார். அந்தக் கேள்வியில் எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

செவ்வாய்க்கிழமை. பத்து மணி. ஒரு தேவாலயத்துப் பின்மண்டபம். ஏழு பேரில் இருவரைச் சொன்னால் போதும். தலைவர் கப்பல் தொழிலிலிருந்து ஓய்வு பெற்றவர், எல்லாவற்றுக்கும் தலையசைப்பவர். பொருளாளர் திருமதி ஹார்வுட், எதற்கும் அசையாதவர். அறுபதைத் தாண்டியவர். டீசல் யந்திரம் வேண்டும் என்பது அவர் கட்சி என்று ரஹ்மான் காதில் சொன்னார்.

குழந்தை குளிக்கும் தொட்டி ஒன்றில் தண்ணீர் நிரப்பி, தச்சுமேசையில் பம்பைப் பூட்டியிருந்தோம். ரஹ்மான் முதலில் பேசினார், சுருக்கமாக, நன்றாக. பிறகு நான்.

“மிஸ்டர் நாட்,” என்று தொடங்கினார் திருமதி ஹார்வுட். நடராசா என்ற என் பெயரில் பாதியை இரயிலிலேயே யாரோ இறக்கிவிட்டார்கள் போலும். “உங்கள் நாடு மிக ஏழை என்று இந்த அறிக்கை சொல்கிறது.”

“ஏழைதான், அம்மா. பாணுக்கு விடியற்காலையில் வரிசையில் நிற்கிறோம். ஆனால் அந்த வரிசையில் நிற்கிற பெண்பிள்ளையின் கையில் பாடப்புத்தகம் இருக்கும். பள்ளிக்கூடத்துக்குக் காசு கிடையாது, ஆசுபத்திரிக்குக் காசு கிடையாது. மருத்துவிச்சி சைக்கிளில் வீட்டுக்கு வருவாள். எங்களைப்போல் காசில்லாத வேறு நாடுகளில் இதைத் தேடிப்பாருங்கள்.”

சொல்லும்போது என் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. தலைவர் தலையசைத்தார்.

“உங்கள் முப்பத்தொரு பம்பில் இன்றைக்கு எத்தனை வேலை செய்கின்றன?”

இந்தக் கேள்விக்கு நான் ஒன்பது நாளாகப் பயந்துகொண்டிருந்தேன். எல்லாம் என்று சொல்ல வாய் வந்தது. பரமேசுவரியின் இடுப்பு ஸ்பானர் கண்ணுக்குள் வந்தது.

“இருபத்துநான்கு.”

“ஏழு?”

“நான்கு கிணற்றில் கோடைக்குத் தண்ணீர் கீழே போய்விட்டது. அங்கே ஆழமாகத் தோண்ட வேண்டும். அயலில் யந்திரம் வைத்து இறைக்கிறவர்களையும் நிறுத்த வேண்டும். அது பம்பைவிடக் கடினம். மற்ற மூன்றும் வாஷர் தேய்ந்து நிற்கின்றன. அந்த மூன்று ஊரிலும் ஸ்பானரை ஊர்ச் சங்கத் தலைவர் அலுமாரியில் வைத்துப் பூட்டியிருக்கிறார். ஆண்கள். அவர்கள் தண்ணீர் அள்ளுவதில்லை. மிச்ச ஊர்களில் ஸ்பானர் அள்ளுகிற பெண்களிடம் இருக்கிறது.”

மண்டபத்தில் எங்கோ ஒரு பெண் சிரித்தார். திருமதி ஹார்வுட் சிரிக்கவில்லை. “சரி, காட்டுங்கள்,” என்றார்.

கைபிடியை ஒரு உறுப்பினரிடம் கொடுத்தேன். அவர் அடித்தார். பம்பு இருமியது. இன்னும் அடித்தார். கிழவன் சளி இழுப்பதுபோல ஒரு சத்தம். பத்து, இருபது, முப்பது அடி. வாயிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. சாந்தியின் குசினிக் குழாய்கூட இதைவிடக் கூடத் தந்தது.

ஊசித்துளைகள். தோல் ஊதவில்லை.

ரஹ்மான் எழுந்து உதவிக்கு வந்தார். என் கையும் ஸ்பானருக்குப் போனது. போன கையை நிறுத்தினேன். ஊரில் எனக்கு ஒரு சட்டம் உண்டு: பம்பில் இன்ஸ்பெக்டரின் கை படக்கூடாது. பூட்டிய அன்றே பெண்கள் அதை மூன்று தரம் கழற்றிப் பூட்ட வேண்டும். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பேன். என் கை பட்ட பம்பு எனக்காகவே காத்திருக்கும், நான் செத்தால் அதுவும் செத்துவிடும். அந்தச் சட்டம் மாங்குளத்துக்கு உண்டென்றால் மெல்பேணுக்கும் உண்டு.

ஸ்பானரைத் திருமதி ஹார்வுட்டிடம் நீட்டினேன்.

“நானா?” என்றார்.

“நீங்கள்தான் கேட்டீர்கள், யார் திருத்துவார் என்று.”

“நான் இன்னும் அதைக் கேட்கவில்லை.”

“கேட்கத்தான் இருந்தீர்கள்.”

அவர் என்னைப் பார்த்தார். மேல்கோட்டைக் கழற்றிக் கதிரையில் போட்டார். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். மேலே நான்கு மரையாணி, கழற்றுங்கள். தண்டைத் தூக்குங்கள். அடியில் ஒரு மரையாணி. அவ்வளவுதான் சொன்னேன். கடைசி மரையாணி சிக்கியது. அவர் கன்னம் சிவக்கத் திருகினார். பிறகு வாஷரைக் கையில் எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். துளைகள் வழியாக வெளிச்சம் வந்தது.

“இது ஒரு சப்பாத்தின் அடி,” என்றார்.

“ஓம்.”

“யாருடையது?”

அப்போதுதான் அவர் பார்வை கீழே இறங்கியது. என் செருப்புக்கும், இரட்டைக் காலுறைக்கும். மண்டபம் முழுவதும் கீழே பார்த்தது.

“உங்கள் சப்பாத்து எங்கே, மிஸ்டர் நாட்?”

“ஒன்று உங்கள் கையில் இருக்கிறது, அம்மா. மற்றது என் கோட்டுப் பையில்.”

முதலில் சிரித்தவர் திருமதி ஹார்வுட்தான். அவர் சிரிப்பார் என்று ஏழு பேரில் ஒருவரும் எதிர்பார்த்திருக்கவில்லை. சிரித்து முடிந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு, “சின்ன வயதில் எங்கள் பண்ணைக் காற்றாடியில் இதே தோல்தான்,” என்றார். “அப்பா மேலே ஏறுவார், நான் கீழே பிடித்துக்கொடுப்பேன். தோல் ஒழுகினால் அம்மா கொழுப்புப் பூசுவாள்.” சொல்லிவிட்டு மண்டபத்துச் சமையலறைக்குப் போனார்.

ஒரு கிண்ணத்தோடு வந்தார். வெள்ளையாக உறைந்த ஆட்டுக்கொழுப்பு. எனக்கு உடம்பு கூசியது. பிறந்ததிலிருந்து மச்சம் மாமிசம் தொடாதவன் நான். தோலைத் தொடுவேன், அது தொழில். கொழுப்பு வேறு. நல்லவேளை, இன்ஸ்பெக்டரின் கை பம்பில் படக்கூடாது. பின்னால் கட்டிய கையை இன்னும் இறுக்கிக் கட்டினேன். ஊருக்காகப் போட்ட சட்டம் அன்று என் சைவத்தைக் காப்பாற்றியது.

அவர் இருபத்திரண்டு துளையையும் விரலால் அடைத்தார். விளிம்பெங்கும் பூசினார். பூட்டினார். முதல் மரையாணியிலிருந்து கடைசிவரை பதினேழு நிமிடம். பரமேசுவரிக்கு ஒன்பது போதும், ஆனால் அதை நான் அங்கே சொல்லவில்லை. கைபிடியைத் தானே பிடித்து அடித்தார். மூன்றாவது அடியில் தண்ணீர் வந்தது. நாலாவதில் தொட்டிக்கு வெளியே பாய்ந்து தலைவரின் காலில் விழுந்தது. அவர் அதற்கும் தலையசைத்தார்.

எங்களை வெளியே அனுப்பிவிட்டு அரைமணி பேசினார்கள். நடைவழியில் நானும் ரஹ்மானும் நின்றோம். என் மனதில் ஒரே ஓட்டம். ஏழு பம்பு நிற்கிறது என்று நானே சொன்னேன். கொண்டுவந்த பம்பும் கண்முன்னால் நின்றுபோனது. எட்டு.

கதவைத் திறந்து வந்தவர் திருமதி ஹார்வுட். கையில் இன்னும் கொழுப்பு மினுங்கியது.

“நாற்பதும்,” என்றார். “ஒரு நிபந்தனை. எத்தனை ஓடுகிறது என்று எழுத வேண்டாம். வருடாவருடம் எத்தனை நிற்கிறது, ஏன் நிற்கிறது, ஸ்பானர் யாரிடம் இருக்கிறது, இதை எழுதுங்கள்.”

“எழுதுவேன், அம்மா.”

“ஓடிக்கொண்டேயிருக்கும் என்று சொல்கிறவர்கள் இந்த மண்டபத்துக்கு மாதம் ஒருவர் வருகிறார்கள்,” என்றார். “நின்றுபோனதை இங்கேயே திருத்திக் காட்டியது நீங்கள்தான்.”

“திருத்தியது நீங்கள்.”

ரஹ்மானின் நாட்டுக்குப் பம்புக்காசோடு வாஷர் அச்சுகளும் சேர்த்துக் கொடுப்பதாக முடிவு. அச்சின் அளவை நான் எழுதிக்கொடுக்க வேண்டும். ரஹ்மான் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஐயா, இன்றைக்கு மீன் என் செலவு என்றார். பிறகு ஞாபகம் வந்து, உங்களுக்கு உருளைக்கிழங்கு என்று திருத்தினார்.

புதன்கிழமை. வானம் வெளுத்திருந்தது, ஏழு பாகை. கடைகள் எல்லாம் திறந்திருந்தன. திருமதி ஹார்வுட் காரோடு வந்து, சங்கச் செலவில் ஒரு சோடி சப்பாத்து வாங்கித் தருவதாகச் சொன்னார். வேண்டாம் என்றேன். நாற்பது கிணற்றுக் காசிலிருந்து ஒரு சதமும் என் காலுக்குப் போகக்கூடாது. அவர் தன் காசு என்றார். அதுவும் வேண்டாம் என்றேன். பிடிவாதத்தை நாங்கள் இருவரும் ஒரே சந்தையில் வாங்கியவர்கள். கடைசியில் அவர் ஒரு பண்ணைச் சாமான் கடைக்குக் கூட்டிப்போனார். எரிந்த ஆறு வாஷரையும் அவற்றைச் செய்த பரமேசுவரியையும் பற்றி வழியில் சொன்னேன். அங்கே ஒரு பெட்டி நிறையத் தோல் வாஷர்கள் இருந்தன, காற்றாடிக்கு உரியவை. எல்லா அளவும். இரண்டரை நாள் பூட்டிக்கிடந்த கதவுகளுக்குப் பின்னால் இவை எங்கும் இருந்திருக்கின்றன. நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

“பரமேசுவரிக்கு,” என்று சொல்லி ஆறு வாங்கித் தந்தார். பெயரைச் சரியாகச் சொன்னார். என் பெயரைத்தான் பாதியில் விட்டார்.

பம்பை மண்டபத்திலேயே விட்டுவிட்டேன். சப்பாத்து வாஷர் அதற்குள்ளேயே இருக்கிறது. திருமதி ஹார்வுட் கழற்ற விடவில்லை. பெட்டி பதின்மூன்று கிலோ குறைந்தது. செருப்போடு விமானம் ஏறினேன். சிட்னியில் வழியனுப்ப வந்த குகன், “ஊரில என்ன சொல்லுவியள் மாமா, காலைப் பாத்துக் கேட்டால்?” என்றான்.

“ஒரு சோடி சப்பாத்துக்கு நாப்பது கிணறு வாங்கினனான் எண்டு சொல்லுவன்.”

“மலிவுதான் மாமா.”

மலிவா இல்லையா என்பதைக் கணக்குத்தான் சொல்ல வேண்டும். பயணமும் தங்குமிடமும் சங்கத்தின் செலவு. சாப்பாடு குகனும் சாந்தியும் போட்டது. எனக்கு வந்த செலவு: தோல் அடிச் சப்பாத்து ஒரு சோடி, ஐம்பத்தெட்டு ரூபாய் ஐம்பது சதம். நாடா இரண்டும் நல்ல நிலையில் கைவசம் உண்டு. அதற்கு ஒரு ரூபாய் இருபத்தைந்து சதம் கழிக்க, ஐம்பத்தேழு ரூபாய் இருபத்தைந்து சதம்.